சுருதி சேர்த்தார்கள், தாளத்தை மறந்தார்கள்

ஹைகென்ஸ் கதையை எழுதுகிறவர்கள் அனேகமாக எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். சனிக் கோளின் பெரிய நிலவான டைட்டனுக்கு ஐரோப்பியர்கள் ஒரு ஆய்வுக்கலம் அனுப்பினார்கள். போகிற வழியில் அதன் ரேடியோ இணைப்பில் ஒரு கோளாறு இருப்பது தெரியவந்தது. ஒரு கெட்டிக்காரப் பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். எல்லோரும் மூளையைக் கசக்கிப் பயணப் பாதையை மாற்றினார்கள். 2005 ஜனவரி 14 அன்று கலம் பத்திரமாகப் போய் இறங்கியது. சுபம். கைதட்டல்.

கைதட்டுவதில் தப்பில்லை. ஆனால் கோளாறு "இருப்பது தெரியவந்தது" என்று எழுதும்போது ஏதோ மழை பெய்தது, புயல் அடித்தது என்பது போல ஆகிவிடுகிறது. அந்தக் கோளாறு ஒன்றும் வானத்திலிருந்து விழவில்லை. இத்தாலியில் வடிவமைக்கப்பட்டது. கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பரிசீலிக்கப்பட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கப்பட்டது. 1997 அக்டோபர் 15 அன்று ராக்கெட்டில் ஏற்றி அனுப்பப்பட்டது. அதைத் தரையிலேயே காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய சோதனை ஒன்று இருந்தது. அந்தச் சோதனை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் மனிதர்கள். இந்தப் பாதியைச் சொல்லாமல் மற்றப் பாதியை மட்டும் சொல்லிக் கொண்டாடுவது அரைக் கதை. அரைக் கதை சில சமயம் பொய்யைவிட மோசம்.

முதலில் கோளாறு என்னவென்று பார்த்துவிடலாம். (எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் நாலு பத்தி தாண்டிப் போகலாம்.)

ரேடியோவில் வருகிற சமிக்ஞை, அனுப்பிய அதே அதிர்வெண்ணில் அப்படியே வந்து சேர்வதில்லை. அனுப்புகிற பக்கத்தில் இருக்கும் அலையியற்றி சூட்டிலும் குளிரிலும் கொஞ்சம் நகரும். வாங்குகிற பக்கத்திலும் அதே கதை. பழைய எஃப்.எம். ரேடியோக்களில் ஏ.எஃப்.சி. என்று ஒரு பொத்தான் இருக்கும். ஸ்டேஷன் மெல்ல நழுவிப் போகும்போது பிடித்து இழுத்து நிறுத்துகிற சின்ன சர்க்யூட் அது. வந்த அதிர்வெண்ணுக்கும் வரவேண்டிய அதிர்வெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு மின்னழுத்தமாக மாற்றி, அந்த மின்னழுத்தத்தைக் கொண்டே உள்ளிருக்கும் அலையியற்றியைத் திருகிச் சரிசெய்யும். இதைவிடக் கறாரானது பேஸ் லாக் லூப். வருகிற அலையின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தோடும் தன் அலையை ஒட்டி ஓடவைக்கும். ஆன்ரி த பெல்சீஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1932-லேயே இந்த முறையைப் பற்றி எழுதிவிட்டார். ஆகவே புதுச் சரக்கு ஒன்றுமில்லை.

விண்கலங்களுக்கு இன்னொரு தொல்லை சேர்கிறது. டாப்ளர் விளைவு. கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ல் சொன்னார். 1845-ல் ஹாலந்தில் பாய்ஸ் பாலட் என்ற விஞ்ஞானி சோதித்துப் பார்த்தார். சோதித்த விதம் வேடிக்கையானது. ஊதுகொம்புக்காரர்களை ரயிலில் ஏற்றி ஒரே சுரத்தை ஊதச் சொன்னார். சுர ஞானம் உள்ளவர்களைத் தண்டவாளத்தின் ஓரத்தில் நிறுத்திக் கேட்கச் சொன்னார். நெருங்கி வரும்போது சுரம் ஏறியும் விலகிப் போகும்போது இறங்கியும் கேட்டது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இவ்வளவோடு முடித்துக்கொள்வார்கள்.

அந்த ரயிலில் கொம்போடு ஒரு மேளக்காரரும் இருந்திருந்தால்? வண்டி நெருங்கும்போது சுருதி ஏறுவது போலவே தாளமும் அதே விகிதத்தில் கொஞ்சம் வேகமாகக் கேட்டிருக்கும். ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைவிடக் கொஞ்சம் கிட்டத்திலிருந்து கிளம்புகிறது, ஆகவே கொஞ்சம் சீக்கிரம் வந்து சேர்கிறது. டாப்ளர் விளைவு சுருதியை மட்டும் தொட்டுவிட்டுத் தாளத்தை விட்டுவைக்காது. வருகிற எல்லாவற்றையும் சேர்த்தே நெருக்கும்.

ஹைகென்ஸ் விஷயத்தில் சுருதி என்பது ஊர்தி அலை. இரண்டு சேனல்கள், ஒன்று சுமார் 2,040 மெகாஹெர்ட்ஸ், மற்றது சுமார் 2,098. தாளம் என்பது அந்த அலையின் மேல் ஏறி வரும் தகவல்: விநாடிக்கு 8,192 பிட். டைட்டனில் இறங்கும் ஹைகென்ஸால் பூமிக்கு நேரடியாகத் தகவல் அனுப்ப முடியாது. தாய்க்கலமான காசினி மேலே பறந்தபடி வாங்கிவைத்துக்கொண்டு, பிறகு பூமியின் பக்கம் திரும்பி அனுப்ப வேண்டும். முதலில் போட்ட திட்டப்படி அந்த நேரத்தில் காசினி டைட்டனை நோக்கி விநாடிக்குச் சுமார் 5.5 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கும். ஒளியின் வேகம் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் லட்சத்தில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. ஊர்தி அலையில் அது சுமார் 38 கிலோஹெர்ட்ஸ். கண்ணுக்குத் தெரிகிற எண். அதைச் சரிக்கட்ட காசினியில் இருந்த ரிசீவருக்கு வசதி செய்திருந்தார்கள். நன்றாகவே செய்திருந்தார்கள்.

அதே விகிதத்தைத் தாளத்துக்குப் போட்டுப் பாருங்கள். 8,192 பிட்டுக்கு விநாடிக்கு 0.15 பிட். ஒரு பிட்டில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. இதைப் போய் யார் கவனிப்பார்கள்? ஆனால் ஏழு விநாடி பொறுத்தால் ஒரு முழு பிட் கூடுதலாக வந்துவிடும். எங்கே ஒரு பிட் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று பார்த்து வெட்டுகிற சர்க்யூட்டுக்குப் பெயர் பிட் சிங்க்ரனைசர். வரும் தாளத்தோடு தன் கடிகாரத்தை இழுத்துச் சேர்க்க அதற்கும் ஒரு லூப் உண்டு. காசினியில் ஏற்றிய ரிசீவரில் அந்த லூப்பின் இழுவை எல்லை மிகக் குறுகலாக இருந்தது. சமிக்ஞையின் பலம், ஒன்றும் பூச்சியமும் மாறி மாறி வருகிற அடர்த்தி, இந்தத் தாளப் பிழை மூன்றும் ஒத்துவந்தால் பிடிக்கும், இல்லையென்றால் நழுவிவிடும். நழுவினால் அதன் பிறகு வருவது அத்தனையும் எழுத்துகளை இடம் மாற்றி வெட்டிய வாக்கியம் மாதிரி. காதில் சத்தம் கேட்கும், அர்த்தம் இருக்காது.

இதில் வயிற்றெரிச்சலான சங்கதி, இரண்டு பிழைக்கும் விகிதம் ஒன்றே என்பது. டாப்ளரால் ஊர்தி அலை எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்தால் தாளம் எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பெருக்கல் வாய்ப்பாட்டில் சொல்லிவிடலாம். விடை ரிசீவரின் ஒரு கையில் இருந்தது. இன்னொரு கைக்கு யாரும் சொல்லவில்லை.

"அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்று வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. நன்றாகவே தெரியும். ஜி.பி.எஸ். ரிசீவர் எதை எடுத்துப் பார்த்தாலும் உள்ளே இரண்டு லூப் இருக்கும். ஊர்தி அலைக்கு ஒன்று, அதன் மேல் வரும் குறியீட்டுக்கு ஒன்று. முதல் லூப் கண்டுபிடித்த டாப்ளர் அளவைக் கொண்டு இரண்டாவதைத் திருத்துவது அந்தத் துறையில் பாடப்புத்தக முறை. ஹைகென்ஸ் தயாராகிக்கொண்டிருந்த 1990-களில் படகு ஓட்டுகிறவர்களும் மலை ஏறுகிறவர்களும் ஜி.பி.எஸ். கருவியைக் கடையில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மீன்பிடிப் படகுக்குக் கிடைத்த வசதி சனிக் கோளுக்குப் போன கப்பலுக்குக் கிடைக்கவில்லை என்றால் அதற்கு அறிவுப் பஞ்சம் காரணமாக இருக்க முடியாது.

பின்னே எது காரணம்? இங்கேதான் எலெக்ட்ரானிக்ஸ் முடிந்து தணிக்கை ஆரம்பிக்கிறது.

வணிகவியலில் ஆடிட்டிங் பாடம் படித்த யாரையும் கேளுங்கள், வவுச்சிங் வேறு, வெரிஃபிகேஷன் வேறு என்பார்கள். ரசீது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது முதலாவது. கிடங்குக்குப் போய்ச் சரக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது இரண்டாவது. ரசீது அத்தனையும் சரியாக இருந்து கிடங்கு காலியாக இருந்த கம்பெனிகளின் கதைகள் ஆடிட்டிங் வகுப்பில் ஏராளம். ஹைகென்ஸ் இணைப்பில் நடந்தது கலப்படமில்லாத வவுச்சிங். ரிசீவரைச் செய்தது இத்தாலியின் அலினியா ஸ்பாசியோ நிறுவனம். பகுதி பகுதியாகச் சோதனைகள் நடந்தன, பரிசீலனைக் கூட்டங்கள் நடந்தன, காகிதங்கள் எல்லாம் ஒழுங்கு. ஒரு முனையில் ஹைகென்ஸ் அனுப்பப்போகிற மாதிரியே சமிக்ஞை, நடுவில் டாப்ளர் பிழை, மறுமுனையில் அசல் ரிசீவர் என்று முழுச் சங்கிலியையும் ஒரே வீச்சில் ஓட்டிப் பார்க்கிற சோதனை மட்டும் நடக்கவில்லை. ஏன்? அதைச் செய்யச் சில தொலைத்தொடர்புப் பாகங்களைப் பிரிக்க வேண்டியிருக்கும். பிரித்தால் மறுபடி சான்று வாங்க வேண்டியிருக்கும். கால விரயம், பண விரயம்.

பண விரயம்! காசினி-ஹைகென்ஸ் திட்டத்தின் மொத்தச் செலவு ஏறத்தாழ 326 கோடி டாலர். அதில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் பங்கு மட்டும் சுமார் 50 கோடி. அந்தப் பங்கில் விளைந்த அத்தனையும், ஏழு வருடப் பயணமும் இருபது வருடக் கனவும் சேர்த்து, இரண்டரை மணி நேரத்தில் ஒரு ரேடியோ இணைப்பு வழியாக வந்து சேர்ந்தாக வேண்டும். பேட்டரி தீர்ந்தால் தீர்ந்ததுதான். திரும்பப் போய் எடுத்துவர முடியாது. மொத்த வருமானமும் ஒரே வாசல் வழியாக வருகிற கடையில், வாசல் திறக்கிறதா என்று பார்க்க ஆகும் செலவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அதைப் பற்றி எழுதத்தான் பலருக்குக் கூச்சம். அலினியா ஸ்பாசியோ தன் ரிசீவரின் உள்வடிவமைப்பைத் தொழில் ரகசியமாக நடத்தியது. காசினியைக் கட்டிய நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தையே போட்டியாளராகப் பார்த்தது. ஆய்வகம் வற்புறுத்தி, ரகசியம் காப்போம் என்று ஒப்பந்தம் போட்டுக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் போலிருக்கிறது. அந்தச் சிரமம் தேவையில்லை என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். ஆக, ரிசீவர் காசினியின் வயிற்றுக்குள் ஒரு மூடிய பெட்டியாகவே ஏறியது. உள்ளே என்ன இருக்கிறது என்று காசினியைக் கட்டியவர்களுக்கே தெரியாது.

தொழில் ரகசியத்தை ஒரேயடியாகத் திட்டுவதற்கில்லை. மிட்டாய்க் கம்பெனி தன் பாகுப் பக்குவத்தை மறைக்கட்டும்; பிடிக்காதவன் வேறு மிட்டாய் வாங்குவான். இங்கே வாங்குகிறவன் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வரி கட்டுகிற பொதுஜனம். அவனுக்கு வேறு டைட்டன் கிடையாது. பொதுப் பணத்தில், ஒரே ஒருமுறை, திருத்த வழியில்லாத இடத்துக்கு அனுப்புகிற பொருளில் "உள்ளே பார்க்காதே" என்று சொல்ல விற்கிறவனுக்கு உரிமை இருக்கக் கூடாது. அப்படிச் சொன்னவனிடம் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்த அதிகாரிக்கும் பொறுப்பில் சம பங்கு உண்டு. சந்தேகமே வேண்டாம்.

இன்னும் ஒரு சின்ன விவரம் சேர்த்தால் எரிச்சல் முழுமையாகும். பிட் சிங்க்ரனைசரின் எல்லையைத் தீர்மானித்தது ரிசீவரின் ஃபர்ம்வேரில் இருந்த சில மதிப்புகள். தரையில் இருந்தபோது மாற்றியிருந்தால் அற்ப வேலை. ஏவிய பிறகு மாற்ற வழியே இல்லை. மாற்ற முடியாதபடி ஒன்றைப் பூட்டுகிறவன் பூட்டுவதற்கு முன் இரண்டு தடவை பார்க்க வேண்டாமா? பூட்டியும் விட்டார்கள், பார்க்கவும் இல்லை.

ஏவிய பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹைகென்ஸை எழுப்பி உடம்பு எப்படி இருக்கிறது என்று சோதித்தார்கள். எல்லாம் நலம் என்றே பதில் வந்தது. வராமல் என்ன? ஹைகென்ஸ் காசினியின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் வேக வித்தியாசம் பூச்சியம். டாப்ளர் பூச்சியம். கோளாறு தலைகாட்ட வேண்டிய ஒரே சூழ்நிலையை விட்டுவிட்டு மற்ற எல்லாச் சூழ்நிலையிலும் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது போரிஸ் ஸ்மெட்ஸ். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் இருக்கும் ஐரோப்பியக் கட்டுப்பாட்டு மையத்தின் பொறியாளர், ஸ்வீடன்காரர். அவர் கேட்டது சாதாரணமான கேள்வி: ஹைகென்ஸ் பேசப்போகிற மாதிரியே பூமியிலிருந்து காசினியிடம் பேசிப் பார்த்தால் என்ன? கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் இருக்கும் கோல்ட்ஸ்டோன் ஆன்டெனாவிலிருந்து ஹைகென்ஸின் சமிக்ஞையைப் போலவே ஒன்றை, தகவலோடும் டாப்ளர் பிழையோடும், அனுப்புவது; காசினி தனக்குப் புரிந்ததைத் திருப்பி அனுப்பட்டும். திட்டம் முதலில் எடுபடவில்லை. ஊர்தி அலை மட்டும் அனுப்பிப் பார்க்கும் எளிய சோதனை போதும் என்றார்கள். அதாவது சுருதி மட்டும். அப்படியே விட்டிருந்தால் ரிசீவர் பிரமாதமாகத் தேர்ச்சி பெற்றிருக்கும். சுருதியில்தான் அது கெட்டியாயிற்றே. ஸ்மெட்ஸ் விடவில்லை. ஹைகென்ஸின் தரைக் கட்டுப்பாட்டைக் கவனித்த கிளாடியோ சொலாசோ அவர் பக்கம் நின்றார். 2000 பிப்ரவரியில் முழுச் சோதனை நடந்தது.

டாப்ளர் இல்லாமல் அனுப்பியபோது ஒழுங்காக வந்தது. டாப்ளரைச் சேர்த்ததும் தகவல் சிதைந்து போயிற்று. அவ்வளவுதான். இரண்டே நாள் வேலை. ரசீது பார்த்தே காலம் கழித்தவர்கள் நடுவில் ஒருத்தர் கிடங்குக் கதவைத் திறந்து பார்த்தார்.

இதை வைத்து "பார்த்தீர்களா, எங்கள் அமைப்பு தானே தன்னைத் திருத்திக்கொண்டது" என்று பெருமைப்படுவது சுத்த அபத்தம். அமைப்பு அவரை முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னது. ஸ்மெட்ஸ் கொஞ்சம் மென்மையானவராக இருந்திருந்தால், அந்த வருடம் வேறு வேலைக்கு மாறியிருந்தால், சொலாசோவுக்குப் பதில் இன்னொருவர் இருந்திருந்தால்? ஒரு மனிதரின் பிடிவாதத்தால் தப்பித்ததை நடைமுறையின் வெற்றியாகக் கணக்கு எழுதக் கூடாது. கணக்கில் அதற்குத் தலைப்பு எதிர்பாராத வரவு.

சரி, திருத்தம் எப்படி நடந்தது? இந்த இடத்தில் மனசாரப் பாராட்டத்தான் வேண்டும். 2001 ஜனவரியில் இரண்டு விண்வெளி நிறுவனங்களும் சேர்ந்து ஒரு மீட்புக் குழு அமைத்தன. ரிசீவரைத் தொட முடியாது. அப்படியானால் டாப்ளரையே குறைப்போம் என்று போனார்கள். தண்டவாளத்தை ஒட்டி நிற்கிறவனுக்கு ரயிலின் ஊதல் சுரம் சட்டென்று மாறும். தூரத்து வயல்வெளியில் நின்று, ரயில் குறுக்கே போவதைப் பார்க்கிறவனுக்கு அந்த நேரத்தில் சுரம் அதிகம் மாறாது. அதே தந்திரம். டைட்டனுக்கு மேல் சுமார் 1,200 கிலோமீட்டரில் கடப்பதாக இருந்த காசினியை சுமார் 60,000 கிலோமீட்டருக்குத் தள்ளி, பக்கவாட்டில் போகவைத்தார்கள். நெருங்கும் வேகம் குறைந்தது, தாளப் பிழை ரிசீவரின் குறுகிய எல்லைக்குள் அடங்கியது. சனியைச் சுற்றும் முதல் இரண்டு சுற்றுகளை மூன்றாகப் பிரித்தார்கள். 2004 நவம்பர் 27-ல் நடக்க வேண்டிய இறக்கம் 2005 ஜனவரி 14-க்குப் போயிற்று. போதாததற்கு, டைட்டனில் நுழைவதற்குச் சில மணி நேரம் முன்னாலேயே ஹைகென்ஸின் கருவிகளை எழுப்பிச் சூடேற்றினார்கள். அலையியற்றி சூடானால் அதிர்வெண் கொஞ்சம் நகரும் அல்லவா, அந்த நகர்வும் நல்ல பக்கத்துக்குத்தான். எந்தக் குறையைத் திருத்தத்தான் ஏ.எஃப்.சி. பொத்தானே பிறந்ததோ அதே குறையை உதவிக்குக் கூப்பிட்டுக்கொண்ட அழகு!

அழகுதான். ஆனால் பில்லைப் பாருங்கள். ஃபர்ம்வேரில் சில மதிப்புகளை மாற்றியிருந்தால் முடிந்திருக்க வேண்டிய அதிர்வெண் திருத்தத்தை, டன் கணக்கில் எடையுள்ள ஒரு விண்கலத்தை வளைத்துச் செய்தார்கள். கூடுதல் எரிபொருள், மாதக்கணக்கில் இரண்டு கண்டத்து நிபுணர்களின் உழைப்பு, மறுபடி போட்ட பாதைத் திட்டம். இத்தனைக்கும் ஆன செலவு "அன்று சோதனையில் மிச்சம் பிடித்த தொகை" என்ற வரிக்கு எதிரே எழுதப்பட வேண்டும். எழுதிக் கூட்டியவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. மிச்சம் பிடித்தவரின் வருட அறிக்கையில் அது சிக்கனம். சில வருடம் கழித்து இன்னொருவரின் அறிக்கையில் இது சாதனை. நடுவில் நஷ்டம் என்ற தலைப்பே காணாமல் போய்விடுகிறது.

"விண்வெளி என்றால் ஆபத்து இருக்கத்தான் செய்யும்" என்பது இன்னொரு சமாதானம். டைட்டனின் காற்று எப்படி இருக்கும், தரை திடமா திரவமா, பாராசூட் விரியுமா, இவை ஆபத்து. யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, துணிந்துதான் போக வேண்டும். விநாடிக்கு 5.5 கிலோமீட்டரில் நெருங்கினால் 8,192 பிட் எத்தனையாகத் தெரியும் என்பது கால்குலேட்டரில் அரை நிமிடக் கணக்கு. அதைத் தப்பவிட்டதை ஆபத்துக் கணக்கில் சேர்ப்பது, உண்மையிலேயே துணிந்தவர்களுக்குச் செய்கிற அவமரியாதை.

"கடைசியில் ஜெயித்தார்களே" என்ற சமாதானம்தான் எல்லாவற்றிலும் பிரபலம். அந்த ஜெயிப்பில் அதிர்ஷ்டத்தின் பங்கை யாரும் எண்ணுவதில்லை. சனிக்குப் போக ஏறத்தாழ ஏழு வருடம் ஆகும் என்பதால் யோசிக்க நேரம் கிடைத்தது. காசினியின் தொட்டியில் வளைந்து கொடுக்க எரிபொருள் இருந்தது. ஆறே மாதத்தில் போய்ச் சேர்கிற செவ்வாய்ப் பயணமாக இருந்திருந்தால் ஸ்மெட்ஸ் சோதனைக்கு அனுமதி கேட்டுக்கொண்டிருக்கும்போதே கலம் இறங்கி, புரியாத பிட்டுகளைக் கொட்டிவிட்டு அணைந்திருக்கும்.

அப்புறம் ஜெயிப்பு என்பதும் முழு ஜெயிப்பா? இறங்கிய நாளில் நடந்ததைப் பாருங்கள். ஹைகென்ஸ் சுமார் இரண்டரை மணி நேரம் பாராசூட்டில் இறங்கியது, தரையைத் தொட்ட பிறகும் அதன் குரல் ஒரு மணி நேரத்துக்கு மேல் காசினியை எட்டியது. தாளம் தப்பவில்லை. பாதை மாற்றம் பலித்தது. ஆனால் அதெல்லாம் சேனல் பி-யில். சேனல் ஏ மௌனம். சர்க்யூட்டில் இம்முறை குற்றமில்லை. காசினியில் சேனல் ஏ ரிசீவருக்கு நிலையான அதிர்வெண்ணைக் கொடுக்கிற அலையியற்றியை ஆன் செய்யச் சொல்லும் கட்டளை, அனுப்பிய கட்டளைப் பட்டியலில் விட்டுப்போயிருந்தது. அந்தப் பட்டியலைத் தயாரித்தது தாங்கள்தான் என்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அதாவது நாலு வருடமாக இந்த ஒரே இணைப்பைப் பற்றி விசாரணை, மீட்புக் குழு, பாதை மாற்றம் என்று அத்தனையும் நடந்த பிறகு, அதே இணைப்பின் பாதி, ஒரு சுவிட்சைப் போட மறந்ததால் போயிற்று. டாப்ளரைத் துருவித் துருவிப் பார்த்தவர்கள் பட்டியலை வரி வரியாகச் சரிபார்க்கவில்லை. மறுபடியும் வவுச்சிங்!

அளவீடுகள் பெரும்பாலும் இரண்டு சேனலிலும் ஒன்றுபோலவே அனுப்பப்பட்டதால் பிழைத்தன. காற்றின் வேகத்தை அளக்கும் சோதனை சேனல் ஏ-வை மட்டுமே நம்பியிருந்தது. டைட்டனின் காற்று கலத்தைத் தள்ளும்போது ஊர்தி அலையின் அதிர்வெண் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனையே. இங்கே டாப்ளர்தான் தகவல். அதைக் காப்பாற்றியது பூமி. ஹைகென்ஸின் மெல்லிய ஊர்தி அலையை அமெரிக்காவின் கிரீன் பேங்க் தொலைநோக்கியும் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியும் நூறு கோடி கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து நேரடியாகக் கேட்டுக்கொண்டிருந்தன. அந்தப் பதிவிலிருந்து காற்றின் கணக்கைப் பெரும்பாலும் மீட்டுவிட்டார்கள்.

படங்களை மீட்க வழியில்லை. அதிகப் படம் அனுப்பலாம் என்று அவற்றை மட்டும் இரண்டு சேனலுக்கும் பங்கு பிரித்திருந்தார்கள். சுமார் 700 படம் வர வேண்டிய இடத்தில் சுமார் 350 வந்தது. ஹைகென்ஸ் எடுத்து, சுருக்கி, சுருதியும் தாளமும் பிசகாமல் அனுப்பிய மற்ற 350 படங்களை வாங்கிக்கொள்ள மேலே ரிசீவர் விழித்திருக்கவில்லை. வெற்றிக் கதைகளில் இந்த 350-ஐத் தேடிப் பாருங்கள். பாதிக் கட்டுரைகளில் ஒரு வரி இருக்கும். மீதியில் அதுவும் இருக்காது.